பட்டியலில் ஒன்பதாவது பெயர்

எட்டுப் பெயர்களை ஓக்புன் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். நான்கு கார்டு கம்பெனிகள், இரண்டு வங்கிகள், டி.வி.யில் பாட்டுப் பாடி விளம்பரம் செய்யும் கடன் கம்பெனிகள் இரண்டு. யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் வட்டி என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். மூன்று வருஷமாக ஒரு கார்டிலிருந்து உருவி இன்னொரு கார்டின் வாயில் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அது பாடமாகாமல் வேறு எது ஆகும்?

கடனைக் கோர்ட்டு மூலம் தீர்க்க மனு எழுதித் தரும் வக்கீல் ஆபீஸின் மேனேஜர் தாக் என்பவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தட்டச்சு செய்துகொண்டே கேட்டான்.

"தனி ஆளுங்ககிட்ட வாங்கினது ஏதாவது இருக்காம்மா? சொந்தக்காரங்க, சிநேகிதங்க?"

"இல்லைப்பா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எல்லாரும் மொதல்ல இல்லைன்னுதான் சொல்வாங்க. கோர்ட்டுல எல்லாம் முடியற நேரத்துல நாத்தனார் வந்து நிப்பாங்க."

ஓக்புன் மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பை மூடினாள். ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"எழுதாம விட்டா என்ன ஆகும்?"

"விட்டவங்க கடன் அப்படியே நிக்கும். மூணு வருஷம் தவணை கட்டி முடிச்சா மத்ததெல்லாம் கழிஞ்சுடும், அது மட்டும் கழியாது. சரி, அவங்களுக்கு மட்டும் ரகசியமாக் குடுத்துக்கலாம்னு நினைச்சீங்கன்னா, அது தெரிஞ்ச அன்னைக்குக் கோர்ட்டு மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடும். ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு கூடாதுங்கறாங்க."

"ஒருத்தங்க இருக்காங்க" என்றாள் ஓக்புன். குரல் அவளுக்கே கேட்கவில்லை. தாக் விரலைத் தட்டச்சுப் பலகையில் வைத்தபடி காத்திருந்தான்.

"பியோன் மல்ஜா. ஒரு கோடி வொன்."

"பத்திரம், சீட்டு எதுவும்?"

"ஒண்ணும் இல்லை. கிம்ச்சி கட்டித் தர்ற கறுப்புப் பையில போட்டுக் குடுத்தாங்க."

"அவங்களுக்கு என்ன முறை நீங்க?"

"ஒரே சந்தை. முப்பது வருஷமா அக்கான்னு கூப்பிடறேன்."

அவன் ஒன்பது என்று எண் போட்டு மல்ஜாவின் பெயரை எழுதினான். விலாசம் கேட்டான், சொன்னாள். கோர்ட்டிலிருந்து இவர்களுக்கெல்லாம் பதிவுத் தபால் போகும், இரண்டு மூன்று வாரம் ஆகும், அதற்குள் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றான். அடுத்தபடியாக, ஆஸ்பத்திரி கேன்டீன் சம்பளம் தவிர வேறு வருமானம் உண்டா என்று கேட்டான்.

"இல்லை" என்றாள் ஓக்புன், உடனே.

உண்மையைச் சொல்ல அவளுக்கு ஐந்து நிமிஷம் பிடித்தது. பொய் கேட்ட மாத்திரத்தில் வந்தது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. காரணம் இல்லாமல் ஓக்புன் வாழ்க்கையில் எந்தத் தப்பும் செய்ததில்லை.

தென்கொரியாவின் பூசான் நகரில் மலைச்சரிவு ஏறிப் போகும் அந்த மேட்டுச் சந்தையில் ஓக்புன் ஒரு காலத்தில் பாதி வாசலுக்குத் துணிக்கடை வைத்திருந்தாள். புருஷன் போய்ப் பதினோரு வருஷம். ஒரே பெண் ஹேரிம். சந்தையில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் ஓக்புன் கவரோடு போய் நிற்பாள். கல்யாணமா, வெள்ளைக் கவரில் ஐம்பதாயிரம். சாவா, அதற்கும் ஐம்பதாயிரம். நெருங்கினவர் என்றால் ஒரு லட்சம். எல்லாம் மொய் நோட்டில் தேதியோடு ஏறிவிடும். அந்த நோட்டைத்தான் அவள் பெண்ணின் கல்யாணத்துக்கு நம்பியிருந்தாள். முப்பது வருஷம் விதைத்தது ஒரு நாளில் அறுவடைக்கு வரும், இருநூறு பேராவது வருவார்கள் என்று கணக்கு. அந்தத் தைரியத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கோடி வொன் ரொக்கம், பட்டு மெத்தை, வெள்ளிக் கரண்டி எல்லாம் கார்டில் தேய்த்து அனுப்பினாள். ரொக்கத்தில் பாதியைப் பெண் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது வழக்கம். அந்த மகராசர்கள் முப்பது லட்சம் அனுப்பினார்கள்.

கல்யாணம் கொரோனா வருஷத்தில் வந்து விழுந்தது. மண்டபத்துக்குள் நாற்பத்தொன்பது பேருக்கு மேல் கூடாது என்றது அரசாங்கம். வராதவர்கள் வங்கியில் போட வசதியாக அழைப்பிதழில் அக்கவுன்ட் நம்பர் அச்சடிப்பது இப்போது எல்லாரும் செய்கிற காரியம்தான். ஹேரிம் கெஞ்சினாள். ஓக்புன் ஒத்துக்கொள்ளவில்லை. "வாசல்ல தட்டு வெச்சுக்கிட்டு உக்காரச் சொல்றியா?" என்று கேட்டாள். அந்த வீம்புக்கு விலை ஒரு கோடிக்குக் குறையாது. பாதி மொய் வரவேயில்லை. கூப்பிடாத கல்யாணத்துக்குக் கவர் எதற்கு என்று சனங்கள் இருந்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

அதற்குப் பிறகு கடை போயிற்று. ஆஸ்பத்திரி கேன்டீனில் தட்டுக் கழுவும் வேலை, மாதம் பத்தொன்பதரை லட்சம் வொன். ஞாயிற்றுக்கிழமைகளில் மல்ஜாவின் பதார்த்தக் கடையில் கிம்ச்சி ஊறுகாய்க்காகக் கோஸுக்கு உப்புப் போட்டுக் கழுவி வைக்கும் வேலை, நாளுக்கு எண்பதாயிரம், கையில். இந்த எண்பதாயிரத்தைத்தான் அவள் தாக்கிடம் சொல்லவில்லை. கோர்ட் ஒரு ஆள் சாப்பிட, வாடகை கொடுக்க, பஸ்ஸில் போக என்று மாதம் பதிமூன்று லட்சத்து நாற்பதாயிரம் ஒதுக்கும். மீதி ஆறு லட்சத்துச் சொச்சமும் தவணைக்குப் போய்விடும். அந்த ஒதுக்கீட்டில் கவருக்கென்று ஒரு வரி இல்லை. மூன்று வருஷம் வெறுங்கையோடு எந்தச் சாவு வீட்டு வாசலில் போய் நிற்பது? அந்த நினைப்புதான் அவளைப் பயமுறுத்தியது. ஏழு கோடியே நாற்பது லட்சம் கடன் அவ்வளவு பயமுறுத்தவில்லை.

கடன்காரர்கள் தொந்தரவு செய்யக் கூடாது என்று கோர்ட் உத்தரவு வந்ததும் போன் அடங்கியது. அதுவரை ஒரு நாளைக்கு இருபது தடவை அடித்த போன். தவணையைத் தள்ளி வைக்க முடியுமா என்று கார்டு கம்பெனிக்காரியிடம் அவள் பேரம் பேசிப் பார்த்தது உண்டு. ஹேரிம் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. "கஸ்டமர், உங்க நிலைமை புரியுது. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள எவ்வளவு போடுவீங்க?" என்பாள். திட்டினால்கூடத் திருப்பித் திட்டலாம். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இப்போது அந்தச் சத்தமெல்லாம் ஓய்ந்து, மல்ஜாவிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை மட்டும் பாக்கி நின்றது.

முதல் ஞாயிறு மல்ஜாவுக்குச் சளி, சொல்லவில்லை. இரண்டாவது ஞாயிறு கடையில் கூட்டம். மூன்றாவது ஞாயிறு கூட்டமும் இல்லை, சளியும் இல்லை. மல்ஜா சந்தோஷமாக வேறு இருந்தாள்.

"என்னடி, கோஸை இப்படித் தடவிக் குடுக்கறே? அது என்ன உன் பேரப்பிள்ளையா? உப்பை அள்ளிப் போடு."

"அக்கா…"

"என்ன?"

"உப்பு தீந்து போச்சு."

உப்பு அரை மூட்டை இருந்தது. மல்ஜா மூட்டையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், மிளகாய்த்தூள் கலக்கப் போய்விட்டாள்.

தபால் அந்த வியாழக்கிழமை வந்தது. ஓக்புனுக்கு அது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை சந்தைக்குள் நுழையும்போதே கருவாட்டுக் கடை யோஞ்சா வாய் கொள்ளாச் சிரிப்போடு கூப்பிட்டாள்.

"வாடியம்மா. உன் கோர்ட்டு லெட்டரைப் படிச்சு என் தொண்டையே வறண்டு போச்சு. பதினாலு பக்கம். மல்ஜா கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டா, நீயே படின்னுட்டா. நான் என்னத்தைக் கண்டேன், ஏதோ வரி நோட்டீஸுன்னு சத்தமாப் படிச்சுட்டேன்."

சந்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். டோஃபு கடைக்காரர் அவளைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தன் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே திரும்பி ஓடிவிடலாமா என்று ஓக்புனுக்குத் தோன்றியது. ஓடினால் அந்தப் பேச்சு வேறு சேரும். மல்ஜாவின் கடைக்குள் போய் ரப்பர் கையுறையை மாட்டினாள்.

எண்பது கோஸும் கழுவி வடியப் போட்ட பிறகு, மல்ஜா கோர்ட்டுக் கவரை எடுத்து உப்பு மூட்டையின் மேல் வைத்தாள்.

"நான் ஒன்பதாம் நம்பராம். எட்டாம் நம்பர் யாரு தெரியுமா? டி.வி.ல ஆடிக்கிட்டே பாடறானே, அந்தக் கம்பெனி. அவனுக்கு அடுத்தபடியா நான்."

"நானே சொல்லணும்னுதான்க்கா இருந்தேன்."

"எப்போ? என் கருமாதிக்கு வந்தா?" மல்ஜா கத்தவில்லை. விலை சொல்கிற குரலில்தான் பேசினாள். "வீட்டு அட்வான்ஸ் ஏத்திட்டாங்க, வெளியே போகச் சொல்றாங்கன்னுதானே என்கிட்ட வாங்கினே? இதுல உன் அட்வான்ஸ் எவ்வளவுன்னு போட்டிருக்கு. மூணு வருஷமா ஒரு வொன் ஏறலையாமே."

ஓக்புன் தரையில் ஓடும் உப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பணம் வாங்கிய அன்றே இரண்டு கார்டு கம்பெனிகளுக்குப் போய்விட்டது.

"என் பங்கு மாசம் எண்பத்திரண்டாயிரம். மூணு வருஷம். கூட்டிப் பாத்தா முப்பது லட்சம்கூட வரல. மிச்சம்?"

"அது கழிஞ்சு போகும்க்கா."

"யாரு கழிச்சது? நான் கழிக்கலையே. என்னை யாரும் கேக்கவே இல்லையே." மல்ஜா கவரைத் தட்டினாள். "அப்புறம் இன்னொண்ணு. வருமானம்னு போட்ட எடத்துல ஆஸ்பத்திரி மட்டும்தான் இருக்கு. அப்போ ஞாயித்துக்கிழமை இங்க வந்து கோஸ் கழுவறது யாரு? உன் ஆவியா?"

மல்ஜா கல்லாவைத் திறந்து எட்டு நோட்டுகளை எண்ணினாள். கடன் வாங்கின நாளிலிருந்து, கூலியில் கழித்துக்கொள்ளுங்கள் என்று ஓக்புன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். பசியோடு வேலை செய்கிறவள் உப்பைச் சரியாகப் போட மாட்டாள் என்று மல்ஜா ஒரு தடவைகூடக் கழித்ததில்லை. அன்றைக்கும் முழுசாக எண்ணிக் கையில் வைத்தாள்.

"இனிமே வராதே. உன்னைக் கோர்ட்டுல கூப்பிடற தேதி இதுல இருக்கு. அன்னைக்கு நான் வரேன். தவணை போட அக்கவுன்ட் நம்பர் எழுதி அனுப்பணும்னு ஏதோ ஃபாரம் வெச்சிருக்காங்க. அதை எழுத மாட்டேன்."

ஓக்புன் மறுநாளே தாக்குக்குப் போன் போட்டாள். அந்த அக்காவிடம் சமாதானம் பேச வழியுண்டா, ஏதாவது முன்பணமாகக் கொடுக்கலாமா என்று கேட்டாள். ஒரு வொன் கொடுக்கக் கூடாது என்றான் அவன். "அக்கவுன்ட் நம்பர் மட்டும் வாங்கி அனுப்பச் சொல்லுங்கம்மா. அன்னைக்கு யாரும் வர மாட்டாங்க. எட்டு வருஷத்துல ரெண்டே பேர் வந்து பாத்திருக்கேன். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்." ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரத்தை அப்போதும் அவனிடம் அவள் வாய் திறக்கவில்லை.

கொடுக்கக் கூடாது என்றால் ஓக்புன் கேட்பவளா? ஒளித்துச் சேர்த்த ஞாயிற்றுக்கிழமைப் பணம் மூன்று லட்சம் இருந்தது. வீட்டிலிருந்த கவர் ஒன்றில் போட்டு எடுத்துக்கொண்டு, சந்தை அடைக்கிற நேரமாகப் பார்த்துப் போனாள். மல்ஜா ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள்.

"அக்கா, இதை மொதல் தவணையா வெச்சுக்கோங்க. கோர்ட்டு குடுக்கறது தனி. மாசா மாசம் நான் இப்படிக் கொண்டு வந்து குடுத்துடறேன். உங்க பணம் முழுசும் வந்துடும். யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாம இருட்டுல வந்து குடுத்துட்டுப் போக நான் என்ன உன் கள்ளப் புருஷனா?" மல்ஜா கவரை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தாள். "அடியே, இதுல என்ன அச்சடிச்சிருக்குன்னு பாத்தியா?"

இழவு வீட்டுக் கவர். 'ஆழ்ந்த அனுதாபங்களுடன்' என்று கறுப்பு எழுத்தில் நீட்டுவாக்கில் அச்சடித்திருந்தது. ஓக்புன் வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடப்பது அதுதான். அவசரத்தில் அதைத்தான் உருவிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நான் இன்னும் சாகலைடி" என்றாள் மல்ஜா. கவரை இவள் கையிலேயே திணித்துவிட்டு ஷட்டரைத் தரை வரை இறக்கினாள். உள்ளே பூட்டுப் போடும் சத்தம் கேட்டது. ஓக்புன் அந்தக் கவரைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு நடந்தாள். சந்தில் அப்போது ஒருவரும் இல்லை, ஆனாலும் மறைத்துக்கொண்டுதான் நடந்தாள்.

கோர்ட் தேதிக்கு ஆறு வாரம் இருந்தது. அந்த ஆறு வாரமும் அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை. மல்ஜா ஒரு வாக்கியம் சொன்னால் போதும், வருமானத்தை மறைத்தாள் என்று கோர்ட் விண்ணப்பத்தைத் தள்ளிவிடும். எட்டுக் கம்பெனியும் மறுபடி போனில் வரிசை கட்டும். சம்பளத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஹேரிமுக்குத் தெரியும், சம்பந்தி வீட்டுக்குத் தெரியும். மல்ஜாவை அதற்காகக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. அதுதான் அவளைத் தின்றது.

கோர்ட்டின் மூன்றாம் மாடியில் விசாரணை அறை. நாற்பது பேர் இருந்தார்கள், அத்தனை பேரும் தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டை கட்டினவன், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒருத்தி, காதில் வளையம் போட்ட ஒரு பையன். நம்மைப்போல இத்தனை பேரா என்று ஓக்புனுக்கு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. அடுத்தவர் கஷ்டத்தில் ஆறுதல் தேடினோமே என்று உடனே காது சூடாயிற்று.

அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். வழக்கு எண்ணைக் கூப்பிடுவாள், பெயரைக் கேட்பாள், தவணை ஒழுங்காகக் கட்ட முடியுமா என்பாள், கடன் கொடுத்தவர்கள் யாராவது வந்திருக்கிறீர்களா என்று தலை நிமிராமல் கேட்பாள். யாரும் இல்லை. அடுத்த எண். பதினேழு பேருக்கு இப்படியே போயிற்று. பதினெட்டாவது ஓக்புன்.

"கடன் கொடுத்தவங்க யாராவது?"

"இருக்கேன்."

கடைசி வரிசையிலிருந்து மல்ஜா எழுந்தாள். எப்போது வந்து உட்கார்ந்தாள் என்றே தெரியவில்லை. மகன் கல்யாணத்துக்கு எடுத்த ஊதா நிறக் கோட்டைப் போட்டிருந்தாள். அதிகாரி அப்போதுதான் தலை நிமிர்ந்தாள்.

"உங்க பேரு?"

"ஒன்பதாம் நம்பர்."

யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். அதிகாரி பட்டியலைப் பார்த்து, பியோன் மல்ஜாதானே, ஆட்சேபம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"அதுக்கு முன்னால ஒரு கேள்வி. நான் சீட்டு எதுவும் எழுதி வாங்கல. சாட்சியும் கிடையாது. அப்புறம் எப்படி என் பேரு இதுல வந்துச்சு?"

"அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்கம்மா. அவங்க எழுதாம, வாங்கவே இல்லைன்னு சொல்லியிருந்தா, நீங்க நிரூபிக்கறது கஷ்டம்."

மல்ஜா கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த ஃபாரத்தை எடுத்து நீட்டினாள். அக்கவுன்ட் நம்பர் அதில் எழுதியிருந்தது. ஒரு பெண் வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

"ஆட்சேபம்?" என்றாள் அதிகாரி மறுபடி. "அவங்க சொல்லாத வருமானம், சொத்து ஏதாவது இருக்குன்னு தெரிஞ்சா இப்போ சொல்லலாம்."

மல்ஜா திரும்பி ஓக்புனைப் பார்த்தாள்.

"ஒண்ணும் கிடையாது" என்றாள் மல்ஜா. "முப்பது வருஷமா எனக்கு அவளைத் தெரியும். இருந்தா எனக்குத் தெரியாம இருக்காது."

அரைக் கிலோ கேட்டவர்களுக்கு ஐம்பது கிராம் கூடப் போட்டுக் கொடுப்பவள் மல்ஜா. நேற்றுப் போட்ட கிம்ச்சியை இன்றைக்குப் போட்டது என்று சொல்லத் தெரியாமல் எத்தனையோ வியாபாரத்தை விட்டவள். அவள் வாயிலிருந்து ஒரு பொய் வந்து ஓக்புன் கேட்டதே இல்லை. அந்தப் பொய் தனக்காக, இத்தனை பேர் முன்னால், நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து சொல்லப்பட்டது அவளால் தாங்க முடியவில்லை. அவள் யோசித்தெல்லாம் எதுவும் சொல்லவில்லை, தானாக வந்தது.

"இருக்கு."

"என்ன இருக்கு?" என்றாள் அதிகாரி.

"ஞாயித்துக்கிழமை வேலை இருக்கு. ஒரு நாளைக்கு எண்பதாயிரம், கைல வாங்கறேன். நாலு வருஷமா. எழுதல."

"எங்கே வேலை?"

"சந்தையில."

"சந்தையிலன்னா? யார் கடையில?"

கடைப் பெயரைச் சொன்னால் மல்ஜாவின் பொய் வெளியாகும் என்று ஓக்புன் நினைத்தே பார்க்கவில்லை. அறையில் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இப்போது நிமிர்ந்திருந்தார்கள்.

"என் கடையிலதான்" என்றாள் மல்ஜா. "எழுதிக்கோங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். நீங்களாகவே சொன்னதால் விடுகிறேன், வேறு வழியில் தெரிந்திருந்தால் தள்ளியிருப்போம் என்றாள். இரண்டு வாரத்துக்குள் ஞாயிற்றுக்கிழமைச் சம்பளத்தையும் சேர்த்துத் தவணைத் திட்டத்தைத் திருத்திக் கொடுக்க வேண்டும், கடைக்காரரின் முத்திரையோடு சம்பளச் சான்று வேண்டும். மல்ஜாவை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அறுபத்தொரு வயதில், நாற்பது கடனாளிகள் முன்னால், மல்ஜா அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு நின்றாள்.

படியிறங்கும்போது ஓக்புன் பின்னாலேயே ஓடினாள்.

"அக்கா, உங்களைப் பொய் சொல்ல வெச்சுட்டு நான் எப்படிக்கா உக்காந்திருக்க முடியும்?"

"உக்காந்திருக்கணும்" என்றாள் மல்ஜா, நிற்காமல். "நான் சொன்ன பொய், நான் தூக்கிட்டுப் போயிருப்பேன். மொதல்ல என்னை நம்பர் ஆக்கினே. இன்னைக்குப் பொய்க்காரி ஆக்கிட்டே. இன்னும் என்ன மிச்சம் வெச்சிருக்கே, அதையும் சொல்லிடு."

பஸ் வந்தது. மல்ஜா ஏறிக்கொண்டாள். ஓக்புன் அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள்.

சான்று நான்காம் நாள் யோஞ்சா கையில் வந்தது, முத்திரை போட்டு, ஒட்டாத கவரில். ஒட்டாத கவரை யோஞ்சா படிக்காமல் கொடுத்திருப்பாளா? கூடவே ஒரு சேதியும் சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமை வந்து தொலைக்கச் சொன்னாள் மல்ஜா, வராவிட்டால் கோர்ட்டுக்குப் போட்ட கணக்கு பொய்யாகிவிடும், இன்னொரு தடவை அந்தப் படியேற முடியாது என்று. திட்டம் பாஸாயிற்று. மாதம் ஒன்பது லட்சத்து முப்பதாயிரம், முப்பத்தாறு மாதம். மல்ஜாவின் பங்கு ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரமாக ஏறியது. மூன்று வருஷத்தில் பாதிகூட வராது, ஆனாலும் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓக்புன் போனாள். கோஸ் கழுவினாள். கூலி இப்போது வங்கியில் விழுந்தது. "அதை எடு", "இதை மூடு" என்பதைத் தாண்டி மல்ஜா பேசவில்லை. முன்னே மாதிரி ஒரு ஏச்சுக் கேட்க மாட்டோமா என்று ஓக்புனுக்கு ஏக்கமாக இருந்தது.

பிப்ரவரியில் மல்ஜாவின் மாமியார் போய்ச் சேர்ந்தாள். தொண்ணூற்று நாலு வயது, ஆறு வருஷமாக முதியோர் ஆஸ்பத்திரியில் படுக்கை. ஒளித்து வைத்திருந்த மூன்று லட்சம் எப்போதோ தவணைக்குப் போயிருந்தது. சேதி வந்தபோது ஓக்புன் கையில் பதினாலாயிரம் வொன் இருந்தது, சம்பளத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அவள் மொய் நோட்டை எடுத்துப் பார்த்தாள். தன் புருஷன் சாவுக்கு மல்ஜா இரண்டு லட்சம் வைத்திருந்தாள். வேறு யாரும் அவ்வளவு வைக்கவில்லை.

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். பதினாலாயிரத்தைக் கவரில் போடலாமா என்றும் பார்த்தாள். அது வெறுங்கையைவிடக் கேவலம். கறுப்பு உடையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் பஸ் எங்காவது நின்றுபோனால் தேவலை என்று இருந்தது. அது என்றுமில்லாதபடி சரியான நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டது.

துக்க மண்டப வாசலில் மேஜை போட்டு மல்ஜாவின் மகன் நோட்டோடு உட்கார்ந்திருந்தான். கவர் போடும் பெட்டி பக்கத்தில். ஓக்புனுக்குப் பின்னால் யோஞ்சா, அவளுக்குப் பின்னால் டோஃபு கடைக்காரர், பாதிச் சந்தையே வரிசையில் நின்றது.

"வாங்க சித்தி" என்று எழுந்து தலை குனிந்தான் மகன். பிறகு காத்திருந்தான். பின்னாலிருந்தவர்களும் காத்திருந்தார்கள்.

"கவர் இல்லப்பா" என்றாள் ஓக்புன்.

அவன் நல்ல பையன், அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "பரவாயில்ல சித்தி, பேரை மட்டும் எழுதுங்க" என்று பேனாவைக் கொடுத்தான். பெயருக்கு நேரே தொகை எழுதக் கட்டம் போட்டிருந்தது. மேலே வரிசையாக ஐம்பதாயிரம், ஒரு லட்சம், ஐம்பதாயிரம். ஓக்புன் பேனாவைத் தாளில் வைத்தாள்.

யாரோ அந்தப் பேனாவைப் பிடுங்கினார்கள். மல்ஜா. கறுப்பு இழவு உடையில், தலையில் வெள்ளை நாடாவோடு.

"இவ பேரை எழுதாதே" என்றாள் மகனிடம். "நாளைக்கு நாம திருப்பிச் செய்ய வேண்டியவங்க பேருதான் இந்த நோட்டுல இருக்கணும்."

சந்தையே கேட்டது. ஓக்புனுக்கு பந்தியிலிருந்து கையைப் பிடித்து எழுப்பிவிட்ட மாதிரி இருந்தது. அதுவும் தனக்கு வேண்டியதுதான் என்று தோன்றியது. தலையைக் குனிந்து வணங்கிவிட்டு, செருப்பு கிடந்த பக்கம் திரும்பினாள்.

"எங்கடி போறே?" என்றாள் மல்ஜா. "உள்ளே சூப்பு ஊத்த ஆள் இல்லாம வந்தவங்க எல்லாம் வெறும் சோத்தை முழுங்கிட்டு இருக்காங்க. இந்த வீட்டு ஆளுங்க யாராவது கவர் கொண்டு வந்திருக்காங்களா, நீ நோட்டுல எழுதறதுக்கு? போய் மொதல்ல ஏப்ரனைக் கட்டு. நாளன்னைக்குக் காலையில தூக்கற வரைக்கும் இருக்கணும்."

"சரிக்கா" என்றாள் ஓக்புன்.

"கூலி கிடையாது. அதையும் போய் கோர்ட்டுல சொல்லிட்டு வந்துடாதே."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மல்ஜா சிரிக்கவில்லை. மன்னித்த முகமாகவும் அது தெரியவில்லை. அடுத்து நின்ற யோஞ்சாவிடம் கவரை வாங்கத் திரும்பிவிட்டாள்.

ஓக்புன் உள்ளே போய் ஏப்ரன் கட்டினாள். இரண்டு தடவை முடிச்சு நழுவியது. அண்டாவில் மாட்டுக்கறி சூப் சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் யோஞ்சா கவரைப் போட்டு, கும்பிட்டு முடித்து, வாசலைப் பார்த்த மேஜையில் வந்து உட்கார்ந்திருந்தாள், பேச்சுக்கு ஆள் தேடிக்கொண்டு. முதல் கிண்ணம் அவளுக்குத்தான் போக வேண்டும். ஓக்புனுக்கு முகம் இன்னும் எரிந்தது. அந்த முகத்தோடேயே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.